தடுப்பு மருந்து பலித்ததா? கோழியின் இரத்தமே சாட்சி

விதை நெல்லைக் கண்ணை மூடிக்கொண்டு வயலில் வீசும் கமக்காரர் எவருமிலர். கரைவாகு வட்டையிலாயினும், சம்மாந்துறை வயல்களிலாயினும், அனுபவமுள்ளவர் முதலில் நூறு நெல்மணிகளை எண்ணியெடுத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளைத்தவை எத்தனை, முளையாதவை எத்தனை என்று பார்த்த பின்னரே விதைப்பு நாளை நிச்சயிப்பார். நல்ல இடத்தில் வாங்கிய விதையாயினும் இந்தச் சோதனையை அவர் கைவிடுவதில்லை. விதை நல்லதென்று பிறர் சொல்வது ஒன்று. அது தம் வயலில் முளைக்குமென்று தாமே அறிவது வேறொன்று.

அதே கமக்காரரின் வீட்டு வளவில் பத்துப் பதினைந்து ஊர்க்கோழிகள் மேய்கின்றன. இரானிக்கெட் நோய்க்கு எதிராக அவற்றின் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடப்படுகிறது. அத்துடன் காரியம் முடிந்ததென்று வீட்டார் எண்ணுகின்றனர். அந்தச் சொட்டு கோழியின் உடலில் முளைத்ததா என்று பார்ப்பவர் அரியர். நெல்லுக்கு உள்ள சோதனை கோழிக்கும் உண்டு. அது கோழியின் இரத்தத்தில் நடைபெறுகிறது. ஊருக்கு ஒரு முறையேனும் அச்சோதனையைச் செய்விப்பது ஊராருக்கும் அதிகாரிகளுக்கும் உரிய கடமை என்பதே இத்துண்டுப் பிரசுரம் வற்புறுத்தும் கருத்து.

நம்பிக்கை எங்கே கெடுகிறது

இரானிக்கெட் நோய் என்றும் நியூகாசில் நோய் என்றும் வழங்கப்படும் இவ்வியாதி 1926ஆம் ஆண்டில் யாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதலாக இனங்காணப்பட்டது. சிறிது காலத்தில் வட இந்தியாவின் இரானிக்கெட் மலைப் பகுதியிலும் காணப்பட்டு, அவ்வூரின் பெயரையும் பெற்றது. இது வைரசினால் உண்டாவது. கடுமையான வகை வைரசு தாக்குமாயின், பாதுகாப்பற்ற கோழிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் சில நாட்களில் மடிந்துவிடும். கோழி இரை எடாது தூங்கி நிற்கும். பச்சை நிறமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுகிக்கொள்ளும். நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்து கிடையாது. முன்கூட்டியே காப்பது ஒன்றே வழி.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரத்தில் வீடுகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் ஒரு வளவின் கோழி அடுத்த வளவில் மேய்வது வழக்கம். ஆண்கள் போகம் முழுவதும் வயல் வாடிக்கும் வீட்டுக்குமாக அலையும்போது, கோழிகளைப் பேணுபவர் பெண்களே. முட்டை விற்ற காசு அவர்கள் கையிலேயே சேர்கிறது. பிள்ளையின் கொப்பிக்கும், திடீரென வரும் வைத்தியச் செலவுக்கும், பெருநாட் செலவில் ஒரு பங்குக்கும் அக்காசு உதவுகிறது. நெல் விற்ற பணத்தில் கடன்காரருக்குப் பங்குண்டு. கோழி விற்ற பணத்தில் அவருக்குப் பங்கில்லை. ஆகையால், ஒரு கிழமையில் கோழிகள் அனைத்தும் மடிவது அவ்வீட்டுப் பெண்ணின் சேமிப்புப் பெட்டி களவு போவதற்கு ஒப்பாகும்.

மருந்து விடப்பட்ட கோழிகளும் சில வேளைகளில் மடிகின்றன. அப்போது வீட்டார் சொல்வது யாது? “மருந்து விட்டும் செத்தன, விடாமலும் செத்தன, இனி எதற்கு மருந்து?” என்பதே. அடுத்த முறை மருந்துடன் வருபவருக்குப் படலை திறக்கப்படுவதில்லை. ஒரு வீட்டில் இழந்த நம்பிக்கை வேலி கடந்து ஊர் முழுவதும் பரவுகிறது. நோயால் நேரும் நட்டம் ஓர் ஆண்டில் ஆறக்கூடும். நம்பிக்கைக் கேட்டினால் நேரும் நட்டம் ஆறுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். மருந்து பலித்ததா, பலியாவிடின் ஏன் பலிக்கவில்லை என்று அறிந்து சொல்லக்கூடிய சாட்சி இருந்தால், இக்கேடு நேராது. அந்தச் சாட்சி கோழியின் இரத்தம்.

இரத்தத்திலுள்ள காவலர்

கோழியின் இரத்தத்தில் செங்குழியங்களும் வெண்குழியங்களும் உள்ளன. மனிதரின் செங்குழியத்திற்குக் கரு இல்லை. கோழியின் செங்குழியம் நீள்வட்ட வடிவானது, நடுவே கருவுடையது. வெண்குழியங்களே உடலின் காவலர். அவற்றுள் நிணநீர்க்குழியங்கள் எனப்படுபவை, ஒரு முறை வந்த பகைவனை நினைவில் வைத்து, மறுமுறை வரும்போது விரைந்து எதிர்க்கும் ஆற்றலுடையவை. தடுப்பு மருந்து என்பது வேறொன்றுமன்று; வலிமையற்ற வைரசைக் காட்டி, இக்காவலருக்குப் பகைவனின் முகத்தை அறிமுகப்படுத்துவதேயாகும்.

இக்காவலர் இருவகையினர் என்ற உண்மையை உலகிற்கு விளக்கியதில் கோழிக்குப் பெரும் பங்குண்டு. குஞ்சின் மலவாய்க்கு மேற்புறத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. சமையலுக்காக இளங்கோழியைத் துப்புரவு செய்யும் பெண்கள் அதனைப் பன்முறை கண்டு எறிந்திருப்பர். இத்தாலியின் பாதுவா நகரில் வாழ்ந்த பபிரீசியசு என்னும் உடற்கூற்று அறிஞர் அதனை விவரித்தமையால், அது பபிரீசியசுப் பை எனப்படுகிறது. அதன் பயன் யாதென்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எவரும் அறிந்திலர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூசு கிளிக் என்னும் மாணவர், குஞ்சுகளிலிருந்து அப்பையை அகற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். திமோதி சாங் என்னும் சக மாணவர், வகுப்பிலே பிறபொருளெதிரி உண்டாவதைக் காட்டும் பொருட்டு, அவற்றுட் சில கோழிகளை வாங்கிச் சென்று கிருமிப் பொருளை ஊசி மூலம் ஏற்றினார். பை அகற்றப்பட்ட கோழிகளின் இரத்தத்தில் பிறபொருளெதிரி உண்டாகவில்லை. எதிர்பாராது கண்ட இவ்வுண்மை 1956ஆம் ஆண்டில் கோழி வளர்ப்பு விஞ்ஞானச் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. 1965ஆம் ஆண்டில் மாக்ஸ் கூப்பரும் அவருடைய துணைவரும், பையில் வளர்ச்சி பெறும் குழியங்கள் பிறபொருளெதிரியை ஆக்குகின்றன என்றும், கழுத்தின் இருமருங்கிலும் உள்ள தைமசுச் சுரப்பியில் வளர்ச்சி பெறுபவை வேறு வகைக் காவலைச் செய்கின்றன என்றும் கோழியிலேயே தெளிவாக்கினர். இன்று மனித வைத்தியத்தில் ‘பி’ குழியம், ‘ரி’ குழியம் என்று பேசப்படுகின்றன. அந்தப் ‘பி’ என்னும் எழுத்து கோழியின் அப்பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தேயாகும். குப்பையில் எறியப்படும் ஓர் உறுப்பு உலக வைத்தியத்திற்கு ஓர் எழுத்தை வழங்கியிருக்கிறது.

மூன்று சோதனைகள்

கோழியின் இரத்தத்தில் செய்யத்தக்க சோதனைகளுள் மூன்றினைக் கமக்காரர் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, பிறபொருளெதிரியை அளக்கும் சோதனை. இரானிக்கெட் வைரசு கோழியின் செங்குழியங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும் இயல்புடையது. மருந்து பலித்த கோழியின் இரத்தத் தெளிவை முதலில் வைரசுடன் கலந்தால், அதிலுள்ள பிறபொருளெதிரி வைரசைப் பிடித்துக் கட்டிவிடும். பின்னர் செங்குழியங்களைச் சேர்க்கும்போது அவை ஒட்டாமல், குழியின் அடியில் ஒரு பொத்தானைப் போலப் படியும். தெளிவை 2 மடங்கு, 4 மடங்கு, 8 மடங்கு, 16 மடங்கு என ஐதாக்கிக்கொண்டு சென்று, எதுவரை இத்தடை நீடிக்கிறதென்று பார்ப்பர். 16 மடங்கு ஐதாக்கிய பின்னரும் தடை காணப்படின், பிறபொருளெதிரி உண்டு எனக் கொள்வது சருவதேச வழக்கம். இதற்கு விலையுயர்ந்த யந்திரம் வேண்டியதில்லை. பயின்ற கையும் கண்ணும் போதும்.

இரண்டாவது, வெண்குழியங்களை எண்ணும் சோதனை. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடி வழுக்கியில் மெல்லியதாகப் பூசி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் நூறு வெண்குழியங்களை எண்ணுவர். நூறு நெல்மணிகளை எண்ணுவதற்கும் இதற்கும் முறையில் வேற்றுமையில்லை. நிணநீர்க்குழியங்கள் எத்தனை, எற்றரோபில் எனப்படும் மணியுருக் குழியங்கள் எத்தனை என்ற விகிதம், கோழி எவ்வளவு வருத்தத்துக்கு உள்ளாகியிருக்கிறது என்பதைக் காட்டும். 1983ஆம் ஆண்டில் குரோசு, சீகல் என்னும் இருவர் இவ்விகிதத்தைக் கோழியின் உடல் நெருக்கடிக்கு ஓர் அளவுகோலாக எடுத்துக்காட்டினர். வெப்பம், பட்டினி, நெருக்கடியான கூடு ஆகியவற்றால் நிணநீர்க்குழியங்கள் குறைந்து மற்றவை மிகும். மனித இரத்தத்தை எண்ணும் யந்திரம் கருவுள்ள கோழிச் செங்குழியங்களைக் கண்டு மயங்கிப் பிழையான கணக்குத் தரக்கூடும். ஆதலால் இதனைக் கண்ணால் எண்ணுவதே நம்பத்தக்கது.

மூன்றாவது, குழியங்களின் ஆற்றலையே நேராகச் சோதிப்பது. இரத்தத்திலிருந்து நிணநீர்க்குழியங்களைப் பிரித்தெடுத்து, கோழியின் உடற்சூட்டுக்கு ஒத்த வெப்பத்தில் சில நாட்கள் போஷணைத் திரவத்தில் வளர்த்து, அவற்றைத் தூண்டும் ஒரு பொருளைச் சேர்த்து, அவை பெருகுகின்றனவா என்று பார்ப்பர். மரக்கறிச் செய்கையாளர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. அவ்வாறு தூண்டும் பொருள்களுள் ஒன்று போஞ்சி இனத்தின் விதையிலிருந்தும், மற்றொன்று வாளவரையின் நெருங்கிய இனமான ஓர் அவரையின் விதையிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. போஞ்சி விதையின் பொருள் நிணநீர்க்குழியங்களைப் பிரிந்து பெருகச் செய்யும் என்பதை 1960ஆம் ஆண்டில் பீற்றர் நோவெல் கண்டறிந்தார். அதே பொருளைக் கோழியின் இறக்கைத் தோலில் சிறிதளவு ஏற்றி, ஒரு நாள் கழித்து வீக்கத்தின் தடிப்பை அளந்தும் காவலரின் ஆற்றலை அறிவதுண்டு. இம்மூன்றாவது சோதனை பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு உரியது. இதனை ஊர்தோறும் கேட்பது முறையன்று. முதலிரண்டையும் கேட்பது முறையே.

பலியாமைக்குக் காரணங்கள்

மருந்து பலியாமைக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும்.

ஒன்று, மருந்து வந்த வழி. உயிருள்ள தடுப்பு மருந்து வெப்பத்தில் அழிவது. கரையோர வெயிலில், பனிக்கட்டி உருகிய பெட்டியில், பகல் முழுவதும் வீடு வீடாகச் சென்ற மருந்து மாலையில் வெறும் நீராகிவிடலாம். அவுஸ்திரேலியாவின் குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஸ்பிராட்புரோவும் அவருடைய துணைவரும், ஊர்க்கோழிகளுக்கென வெப்பத்தை ஓரளவு தாங்கும் ‘ஐ-2’ என்னும் தடுப்பு மருந்து வித்தை உருவாக்கினர். பல வறிய நாடுகளில் அது பயன்பட்டு வருகிறது. ஆயினும் வெப்பந்தாங்கும் மருந்தும் வெயிலில் கிடக்கத்தக்கதன்று.

இரண்டாவது, கோழியின் தீனி. அறுவடைக் காலத்தில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த நெல், மனிதருக்கு ஆகாதென்று கோழிக்கு வீசப்படுகிறது. ஈரம்பட்ட தவிடும் பழைய தேங்காய்ப் பிண்ணாக்கும் அவ்வாறே. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்த அபிளாநச்சே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இந்நஞ்சு சிறு அளவில் உட்சென்றால் கோழி உடனே சாவதில்லை. ஆனால் ஈரலைக் கெடுத்து, பபிரீசியசுப் பையையும் தைமசுச் சுரப்பியையும் சுருங்கச் செய்கிறது. காவலர் பயிலும் பாடசாலையே இடிந்துபோனால், மருந்து எவருக்குப் பாடம் கற்பிக்கும்?

மூன்றாவது, முன்னரே புகுந்த வேறு நோய். அமெரிக்காவின் தெலவெயர் மாநிலத்தில் கம்பரோ என்னும் இடத்தில் 1957 அளவில் தோன்றி, 1962ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட கம்பரோ நோய், குஞ்சுகளின் அப்பையையே தாக்கி அழிப்பது. அந்நோயிலிருந்து பிழைத்த குஞ்சு நலமுடையது போலத் தோன்றினும், இரானிக்கெட் மருந்தைப் பெற்றுப் பயன்கொள்ள வலியற்றதாகிவிடும்.

இம்மூன்றில் எது காரணம் என்பதை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. மருந்து விட்ட எல்லாக் கோழிகளிலும் பிறபொருளெதிரி இல்லையாயின், மருந்து வந்த வழியை முதலில் ஐயுறல் வேண்டும். ஒரு வளவில் உண்டு, மறு வளவில் இல்லையாயின், அவ்வளவின் தீனியையும் குஞ்சுகளின் முன்னைய நோயையும் ஆராய வேண்டும். பிறபொருளெதிரி போதிய அளவு இருந்தும் கோழிகள் மடிந்தனவாயின், அது வேறு நோயாக இருக்கலாம். சோதனை இன்றேல், மருந்துக்கும், கொண்டுவந்தவருக்கும், விதிக்கும் மாறி மாறிப் பழி சுமத்துவதே மிஞ்சும்.

ஆட்சேபங்களுக்கு விடை

“ஒரு கோழியின் விலை என்ன, அதன் இரத்தத்தைச் சோதிக்கும் செலவு என்ன?” என்று கேட்பர். இது நியாயமான கேள்வி. ஒவ்வொரு கோழியையும் சோதிக்கும்படி எவரும் சொல்லவில்லை. ஒரு மூடை நெல்லுக்கு நூறு மணிகள் போல, ஓர் ஊருக்குப் பத்து இருபது கோழிகள் போதும். அச்சிறு செலவு ஊரிலுள்ள ஆயிரம் கோழிகளுக்கு விடப்படும் மருந்தும் உழைப்பும் வீணாகாமல் காக்கும்.

“இரத்தம் எடுத்தால் கோழி சாகும்” என்பது மற்றொரு அச்சம். ஒரு கிலோ எடையுள்ள கோழியின் உடலில் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் இரத்தம் உண்டு. சோதனைக்கு வேண்டியது ஒன்று அல்லது இரண்டு மில்லிலீற்றர். பயின்றவர் இறக்கையின் உட்புற நரம்பிலிருந்து எடுத்தால் கோழி அடுத்த நிமிடமே மேயச் செல்லும். அதற்கும் மனமில்லாதவர், சமையலுக்காகக் கோழியை அறுக்கும்போது ஓடும் இரத்தத்தில் சிறிது ஒரு சுத்தமான சிறு போத்தலில் ஏந்திக் கொடுக்கலாம். நிலத்தில் வீணே சிந்தும் இரத்தம் ஊருக்குப் பயன்படும்.

“ஆய்வுகூடம் தொலைவில் இருக்கிறது” என்பது மூன்றாவது. பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கல்முனையிலிருந்து தொலைவிலேயே இருக்கிறது. ஆனால் வடிதாளில் ஊறவைத்து உலர்த்திய இரத்தப் பொட்டிலும் முதலாவது சோதனையைச் செய்ய முடியும். அதனை ஓர் உறையில் இட்டு அனுப்பலாம். வழுக்கியில் வெண்குழியம் எண்ணுவதற்கோ மலைநாடு செல்லவேண்டியதில்லை. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் இருக்கின்றன. இப்பிரதேசத்துப் பிள்ளைகளே அங்கு நுணுக்குக்காட்டியைக் கையாளப் பயில்கின்றனர். அவர்களுடைய பயிற்சியில் ஒரு பகுதி தம் ஊர்க் கோழிகளின் இரத்தத்தில் அமையுமாயின், கல்வியும் வளரும், கோழியும் பிழைக்கும். மிருக வைத்திய அலுவலகங்களும் பல்கலைக்கழகமும் இதற்கு ஓர் ஒழுங்கு செய்தல் வேண்டும். கமக்காரர் சங்கங்கள் அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேளாத இடத்தில் எந்தச் சேவையும் வந்து சேர்வதில்லை.

செய்யவேண்டியவை

1. மருந்தைப் போகத்துடன் இணைத்து நினைவில் வைத்தல் எளிது. பெரும்போக விதைப்புக்கு முன் புரட்டாதியில் ஒரு முறை, தை மாதத்தில் ஒரு முறை, சிறுபோகத்தின்போது வைகாசியில் ஒரு முறை என, நான்கு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கோழிகளுக்கும், புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கும் மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி மருந்து விடுவிக்க வேண்டும்.

2. ஒரு வளவு மட்டும் மருந்து விடுவது போதாது. ஒரு தெருவில் உள்ள அனைவரும் ஒரே நாளில் விடுவிக்க வேண்டும். அதிகாலையிலோ மாலையிலோ, நிழலில், பனிக்கட்டியுடன் கூடிய பெட்டியிலிருந்து எடுத்த மருந்தையே ஏற்க வேண்டும். நோயுற்ற கோழிக்கு மருந்து விடலாகாது.

3. மருந்து விடுமுன் ஊருக்குப் பத்துக் கோழிகளிலும், விட்டு மூன்று கிழமையின் பின் அதே கோழிகளிலும் இரத்தம் எடுப்பிக்க வேண்டும். முன்னர் எடாவிடின், பின்னர் காணும் பிறபொருளெதிரி மருந்தால் வந்ததா, முன்னைய நோயால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. கோழியின் காலில் ஒரு நிறத்துணி கட்டி அடையாளமிடலாம்.

4. போத்தலில் ஏந்திய இரத்தத்தைக் குலுக்கலாகாது. சாய்வாக நிழலில் வைத்து உறையவிட்டு, குளிர்ச்சியான நிலையில் அன்றே மிருக வைத்திய அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். உறைபனியில் வைக்கலாகாது. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் அவசியம்.

5. பூஞ்சணம் பிடித்த நெல்லையும் தவிட்டையும் கோழிக்கு இடலாகாது. ‘வீணாகிறதே’ என்று இடுவது, மருந்துக்குச் செய்த செலவையும் சேர்த்து வீணாக்குவதாகும்.

6. நோயால் மடிந்த கோழியை வாய்க்காலிலோ தோணாவிலோ எறியாது ஆழப் புதைக்க வேண்டும். நோய் கண்ட வளவின் கோழிகளை அவசரமாகச் சந்தையில் விற்பது அயலூர்களுக்கு நோயை அனுப்புவதாகும். அவ்வளவின் கோழி எருவையும் உடனே மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுசெல்லலாகாது.

சோதனையின் முடிவு வந்ததும் அதனைக் கோவையில் வைத்து மூடிவிடாமல், இரத்தம் கொடுத்த வீட்டுப் பெண்களுக்கு விளங்கும் சொற்களில் சொல்லுதல் அதிகாரிகளின் கடமை. “பத்துக் கோழிகளில் எட்டில் மருந்து பிடித்திருக்கிறது” என்று கேட்ட பெண் அடுத்த முறை படலையைத் தாமே திறப்பார். “இரண்டில் மட்டுமே பிடித்திருக்கிறது, இம்முறை மருந்து வெப்பத்தில் கெட்டிருக்கலாம், மறுபடியும் விடுவோம்” என்று உண்மையை ஒப்புக்கொண்டு சொன்னாலும் திறப்பார். மறைக்கப்பட்ட தோல்வியே கதவை அடைக்கும்.

முளையாத விதையைக் குறித்து வயலில் நின்று வருந்துவதிலும், விதைக்குமுன் நூறு மணிகளை எண்ணுவது மேல் என்பது இக்கரையோரத்துக் கமக்காரர் தலைமுறை தலைமுறையாக அறிந்த பாடம். அப்பாடத்தை வயலிலிருந்து கோழிக்கூட்டுக்குக் கொண்டுசெல்வதற்கு வேண்டியவை சில துளி இரத்தமும் சிறிது பொறுமையுமே.